டைட்டானிக் கப்பலைப் பிணைத்த 30 லட்சம் ஆணிகள்

வீட்டில் இரும்பு வாணலி இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

அதன் காதுகளைச் சட்டியோடு சேர்த்து ஆணி அடித்திருப்பார்கள். வெளியே பார்த்தால் ஆணிக்கு ஒரு தலை. உள்ளே பார்த்தால் இன்னொரு தலை. சாதாரண ஆணியைப் போல அதைப் பிடுங்க முடியாது. திருகாணியைப் போலக் கழற்றவும் முடியாது.

இதற்கு "ரிவிட்" என்று பெயர். "தறையாணி" என்றும் சொல்வார்கள்.

வாணலிக்கு நான்கு ரிவிட் போதும். ஒரு பெரிய கப்பலுக்கு எத்தனை வேண்டும்?

கேட்டால் வியப்பாக இருக்கும். புகழ்பெற்ற "டைட்டானிக்" கப்பலுக்கு 30 லட்சம் ரிவிட்டுகள் தேவைப்பட்டன! அவற்றின் எடை மட்டும் ஏறத்தாழ 1,200 டன்.

அந்த ஆணிகளை அடித்தவர்கள் யார்? எப்படி அடித்தார்கள்? கப்பல் மூழ்கியதற்கும் அந்த ஆணிகளுக்கும் தொடர்பு உண்டா?

பார்ப்போம்.

தகட்டின் மேல் தகடு

அயர்லாந்துத் தீவின் வடபகுதியில் பெல்பாஸ்ட் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே "ஹார்லண்ட் அண்டு உல்ப்" என்ற கப்பல் கட்டும் கம்பெனி இருந்தது. அந்தக் காலத்தில் சுமார் 15 ஆயிரம் பேர் அங்கே வேலை செய்தார்கள்.

1909-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி டைட்டானிக் கப்பலைக் கட்டத் தொடங்கினார்கள். அதன் நீளம் 882 அடி.

கப்பலின் உடம்பு உருக்குத் தகடுகளால் ஆனது. பெரும்பாலான தகடுகள் 30 அடி நீளம், 6 அடி அகலம், ஏறத்தாழ ஓர் அங்குலக் கனம். ஒரு தகட்டின் எடை இரண்டரை டன் முதல் 3 டன் வரை!

இத்தகைய தகடுகளை ஒன்றின் ஓரத்தில் மற்றொன்றின் ஓரம் படியும்படி வைப்பார்கள். துணியைத் தைப்பதற்கு முன் ஓரத்தின் மேல் ஓரத்தை வைக்கிறோம் அல்லவா? அதுபோலத்தான். துணிக்கு நூல் தையல். கப்பலுக்கு ரிவிட் தையல்.

ரிவிட் போடுவதற்காக, தகடுகளில் முன்கூட்டியே இயந்திரத்தால் துளை போட்டுவிடுவார்கள். இரண்டு தகடுகளின் துளைகளும் நேருக்கு நேராக வர வேண்டும். கொஞ்சம் விலகி இருந்தால், கூர்மையான இரும்பு முளை ஒன்றை உள்ளே அடித்து, துளைகளை நேராக்குவார்கள்.

ஐந்து பேர் கூட்டு

ரிவிட் அடிப்பது ஒருவர் செய்யும் வேலை அல்ல. அதற்கு ஒரு கூட்டு வேண்டும். பொதுவாக அந்தக் கூட்டில் 5 பேர் இருந்தார்கள்.

முதலாவது, சூடு போடும் பையன். அவனிடம் ஒரு சிறிய உலை இருக்கும். துருத்தியை ஊதி, ரிவிட்டுகளைப் பழுக்கக் காய்ச்சுவது அவன் வேலை. சூடு குறைந்தால் ஆணி வளையாது. அதிகமானால் இரும்பு கெட்டுப்போகும். நிறத்தைப் பார்த்தே அவன் பதம் தெரிந்துகொள்வான்.

இரண்டாவது, ஏந்தும் பையன். உலையில் இருந்து வரும் நெருப்பு ஆணியை வாங்கி, துளை இருக்கும் இடத்துக்கு ஓடிக் கொண்டுபோய், கொறடால் பிடித்துத் துளையில் செருகுவான். ஆணி ஆறுவதற்குள் போக வேண்டும். ஏணியில் ஏற வேண்டும். சாரத்தில் ஓட வேண்டும்.

மூன்றாவது, தாங்குபவர். இவர் தகட்டின் உள்பக்கம் இருப்பார். ஆணியின் தலையில் கனமான சம்மட்டியை வைத்து, தன் பலம் முழுவதும் கொடுத்து அழுத்திப் பிடிப்பார். அப்படிப் பிடிக்காவிட்டால், வெளியே அடிக்கும் அடியில் ஆணி பின்னால் வந்துவிடும்.

நான்காவது, ஐந்தாவது பேர் அடிப்பவர்கள். இவர்கள் வெளிப்பக்கம் நிற்பார்கள். ஒருவர் வலக்கைக்காரர். மற்றவர் இடக்கைக்காரர். எதற்காக? இருவரும் ஒரே ஆணியை மாறி மாறி அடிக்கும்போது சுத்தியல்கள் மோதிக்கொள்ளக் கூடாது. அதற்காக!

இந்த ஐந்து பேருக்கும் நாள் கணக்கில் கூலி இல்லை. அடித்த ரிவிட் கணக்குக்குத்தான் கூலி. எண்ணிப் பார்ப்பதற்கென்றே ஓர் ஆள் வருவார். மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் கூலியும் இல்லை.

இரண்டாவது தலை பிறக்கிறது

ரிவிட் பட்டறையில் இருந்து வரும்போது அதற்கு ஒரு தலைதான் இருக்கும். மறுமுனை வெறும் தண்டு. இரண்டாவது தலை கப்பலில்தான் பிறக்கிறது.

தண்டின் நீளம், தகடுகளின் கனத்தைவிடக் கொஞ்சம் அதிகம். துளை வழியாக வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும் அந்தக் கொஞ்சத்தைத்தான் அடித்துத் தலையாக்குவார்கள். ஆணி சிவப்பாக இருக்கும்போதே வேலை முடிந்துவிட வேண்டும்.

அடிக்கும்போது இரும்பு இளகி, துளை முழுவதையும் அடைத்துக்கொள்ளும்.

அதன் பிறகுதான் முக்கியமான காரியம் நடக்கிறது. அதைச் செய்வது மனிதன் அல்ல. ஆணியே செய்துகொள்கிறது!

காய்ச்சிய இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பது நமக்குத் தெரியும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுகிறவர்கள் இந்த வித்தையைத்தான் பயன்படுத்துகிறார்கள். ரிவிட்டும் அப்படியே. ஆறும்போது அதன் நீளம் குறைகிறது. இரண்டு பக்கத் தலைகளும் தகடுகளை உள்நோக்கி இழுக்கின்றன. இரண்டு தகடுகளும் நெருங்கி இறுகுகின்றன.

தலை நான்கு வகை

எல்லா ரிவிட்டுக்கும் ஒரே மாதிரித் தலை இருக்காது. இடத்துக்கு ஏற்ற தலை!

*சட்டித் தலை:* சிறிய சட்டியைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். மேலே தட்டை. பக்கம் சரிவு. கப்பல் வேலைக்கு வந்த ரிவிட்டுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். தட்டையாக இருப்பதால், தாங்குபவர் சம்மட்டியை வைத்து அழுத்துவது எளிது. தலைக்குக் கீழே கழுத்து கொஞ்சம் பருத்து இருக்கும். அதற்கும் காரணம் உண்டு. இயந்திரம் போட்ட துளை ஒரு பக்கம் ஒடுங்கி, மறுபக்கம் அகன்று இருக்கும். ஒடுங்கிய பக்கங்கள் இரண்டும் சேரும்படி தகடுகளை வைப்பார்கள். அப்போது துளை முழுவதும் உடுக்கை போல ஆகிவிடும். நடுவில் இடை சிறுத்து, இரு பக்கமும் அகலம். அதை நிறைத்துக்கொண்ட ஆணி, தலை தேய்ந்துபோனாலும் எளிதில் கழன்று வராது.

*கிண்ணத் தலை:* கவிழ்த்த கிண்ணம் போல உருண்டையாக இருக்கும். பார்க்க அழகானது. குழி உள்ள அச்சு ஒன்றை ஆணியின் முனைமேல் வைத்து அடித்தால், குழியின் வடிவம் தலைக்கு வந்துவிடும். இயந்திரத்தால் அடிக்கும் ரிவிட்டுக்கும் இந்தத் தலையே வசதி.

*கூம்புத் தலை:* அச்சு இல்லாமல், சுத்தியலால் மட்டும் அடித்து உருவாக்குவது. கூம்பு போல இருக்கும். அழகு பார்க்கத் தேவை இல்லாத உள்பக்கங்களில் இதைப் போடுவார்கள்.

*பதிந்த தலை:* இது வெளியே தெரியாது. துளையின் வாயைக் கிண்ணம் போல அகலப்படுத்தி, அதற்குள்ளேயே இரும்பை அடித்து நிரப்பிவிடுவார்கள். மிஞ்சியதை உளியால் சீவிவிடுவார்கள். தகடும் தலையும் ஒரே மட்டமாக இருக்கும். தண்ணீரில் உராயும் வெளிப்பக்கத்துக்கு ஏற்றது இதுதான். ஆயிரக்கணக்கான தலைகள் வெளியே துருத்திக்கொண்டு இருந்தால், தண்ணீர் கப்பலைப் பிடித்து இழுக்கும் அல்லவா?

தட்டிப் பார்க்கும் சோதனை

அடித்து முடித்த ரிவிட்டைச் சோதிப்பதற்குப் பெரிய கருவி எதுவும் இல்லை. ஒரு சிறிய சுத்தியலும் ஒரு விரலும் போதும்.

தலையின் ஒரு பக்கத்தில் விரலை வைப்பார்கள். மறுபக்கத்தில் சுத்தியலால் தட்டுவார்கள். ஆணி இறுகி இருந்தால் கணீர் என்று ஒலிக்கும். தளர்ந்து இருந்தால் ஓசை மங்கும். விரலில் அதிர்வு தெரியும். பானை வாங்கும் பெண்கள் தட்டிப் பார்ப்பது போலத்தான்! தேறாத ஆணியை வெட்டி எடுத்துவிட்டு வேறு அடிக்க வேண்டும்.

பிறகு இன்னொரு வேலை. மரத் தோணிகளில் பலகை இடுக்குகளை அடைப்பதைக் "கலப்பற்று" என்பார்கள். உருக்குக் கப்பலுக்கும் ஒரு கலப்பற்று உண்டு. அதற்குப் பஞ்சு வேண்டாம். மொட்டை உளியால் தகட்டின் ஓரத்தைத் தட்டித் தட்டி, கீழ்த் தகட்டோடு நெருக்கிவிடுவார்கள். தண்ணீர் புகாது.

காது போயிற்று

இரும்பின் மேல் இரும்பு அடிக்கும் ஓசையைக் காலை முதல் மாலை வரை கேட்டால் காது என்ன ஆகும்?

1886-ம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்ற காது வைத்தியர் இதை ஆராய்ந்தார். ரிவிட் அடித்துக் கொதிகலன் செய்யும் தொழிலாளர்கள் 100 பேரைச் சோதித்தார். அவர்களில் ஒருவருக்குக்கூடச் செவிப்புலன் சரியாக இல்லை!

கப்பல் பட்டறையிலும் இதே கதைதான். காதை மூடிக்கொள்ளப் பஞ்சு ஒன்றுதான் துணை.

15 வயதுச் சிறுவன்

காது போனவர்கள் உயிரோடாவது இருந்தார்கள். உயிரையே கொடுத்தவர்களும் உண்டு. டைட்டானிக் கப்பலைக் கட்டும்போது 8 பேர் இறந்தார்கள்.

அவர்களில் முதலாவதாக இறந்தவன் ஒரு சிறுவன். பெயர் சாமுவேல் ஸ்காட். வயது 15. ரிவிட் கூட்டில் ஏந்தும் பையனாக வேலை பார்த்தான். 1910-ம் ஆண்டு ஏப்ரல் 20-ந் தேதி ஏணியில் இருந்து கீழே விழுந்தான். மண்டை உடைந்து இறந்துபோனான்.

அவனைப் பெல்பாஸ்ட் நகரத்து இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். கல்லறையில் பெயர்கூட எழுதவில்லை. 101 ஆண்டுகள் கழித்து, 2011-ம் ஆண்டில்தான் அவனுடைய பெயர் பொறித்த கல்லை அங்கே நட்டார்கள்.

அந்தக் கப்பலில் பயணம் செய்த செல்வர்களின் பெயர்களை உலகம் அறியும். ஆணி ஏந்திய பையனின் பெயரை உலகம் அறிய ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

இயந்திரம் போகாத இடம்

டைட்டானிக் கட்டிய நாளில், ரிவிட் அடிக்க இயந்திரமும் இருந்தது. குதிரை லாடம் போல வளைந்த பெரிய இரும்புக் கை. தண்ணீரின் அழுத்தத்தால் வேலை செய்வது. தகடுகளின் இரு பக்கமும் அது கவ்விக்கொண்டு, ஒரே அமுக்கில் ரிவிட்டின் தலையை உருவாக்கிவிடும். சுத்தியல் அடி இல்லை. வேலையும் ஒரே சீராக இருக்கும்.

கப்பலின் நடுப்பகுதியில் தகடுகள் நேராக இருக்கும். அங்கே இயந்திரம் நன்றாக வேலை செய்தது. உருக்கு ரிவிட்டுகளை அடித்தது.

ஆனால் கப்பலின் முன்பகுதியும் பின்பகுதியும் வளைந்தவை. அங்கே அந்தப் பெரிய இயந்திரத்தைக் கொண்டுபோக முடியவில்லை. எனவே, அங்கெல்லாம் கைச்சுத்தியல்தான். கையால் அடிப்பதற்கு எளிதாக, உருக்குக்குப் பதிலாகத் தேனிரும்பு ரிவிட்டுகளைப் பயன்படுத்தினார்கள்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரவு

1912-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி. இரவு மணி 11-40. முதல் பயணத்திலேயே டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. மோதியது எந்த இடம்? வலப்பக்கத்தின் முன்பகுதி. கையால் ரிவிட் அடித்த பகுதி!

2 மணி 40 நிமிடத்தில் கப்பல் மூழ்கியது. சுமார் 1,500 பேர் மாண்டார்கள்.

பனிப்பாறை, கப்பலின் உடம்பை 300 அடி நீளத்துக்குக் கிழித்துவிட்டது என்று மக்கள் நெடுங்காலம் நம்பினார்கள்.

ஆனால் கம்பெனியின் கப்பல் நிபுணர் எட்வர்டு வைல்டிங், 1912-ம் ஆண்டு விசாரணையிலேயே வேறு கணக்குச் சொன்னார். தண்ணீர் புகுந்த வேகத்தைப் பார்த்தால், ஓட்டையின் மொத்தப் பரப்பு 12 சதுர அடிதான் இருக்கும் என்றார். நம் வீட்டு வாசற்கதவு அளவுகூட இல்லை!

1985-ம் ஆண்டில் கப்பலைக் கடலடியில் கண்டுபிடித்தார்கள். 1996-ம் ஆண்டில் ஒலி அலைக் கருவியால் அதன் பக்கத்தை ஆராய்ந்தார்கள். பெரிய கிழிசல் எதுவும் இல்லை. மெல்லிய பிளவுகள் ஆறு மட்டுமே தெரிந்தன.

தகடு கிழியவில்லை. தையல் பிரிந்திருக்கிறது!

கசடு

கடலடியில் இருந்து எடுத்துவந்த ரிவிட்டுகளை அமெரிக்க உலோக ஆராய்ச்சியாளர்கள் அறுத்துப் பார்த்தார்கள்.

தேனிரும்பில் இயற்கையாகவே கொஞ்சம் கசடு இருக்கும். 2 அல்லது 3 சதவிகிதம் இருந்தால் கெடுதல் இல்லை. முதலில் சோதித்த ரிவிட்டுகளில் 9 சதவிகிதத்துக்கு மேல் கசடு இருந்தது!

கசடு, இரும்பின் உள்ளே நார் போல ஓடும். ஆணியின் தண்டில் அது நீளவாக்கில் இருக்கும். தலையை அடித்து உருவாக்கும்போது, அந்த நாரும் வளைந்து குறுக்கே வந்துவிடும். தலையை இழுத்தால், அந்த இடத்தில்தான் ஒடியும்.

ஒரு தலை ஒடிந்தால், அதன் பாரம் பக்கத்து ஆணிக்குப் போகும். அதுவும் ஒடிந்தால் அடுத்த ஆணிக்கு. துணியில் ஒரு தையல் விட்டால், அடுத்தடுத்த தையல்களும் விடுவது போலத்தான்.

கம்பெனியின் பழைய ஏடுகளையும் அவர்கள் தேடிப் படித்தார்கள். ஒரே சமயத்தில் மூன்று பெரிய கப்பல்களுக்கு வேலை எடுத்திருந்த காலம் அது. ரிவிட் அடிக்கும் தேர்ந்த ஆட்களுக்குப் பஞ்சம் இருந்தது. ரிவிட்டுக்கு வாங்கிய இரும்பும் முதல் தரம் அல்ல, அதற்கு அடுத்த தரம் என்று தெரிந்தது. இவற்றை 2008-ம் ஆண்டில் ஒரு புத்தகமாக வெளியிட்டார்கள். உருக்கு ரிவிட் தொடங்கும் இடத்துக்கு அருகே சேதம் நின்றுவிட்டது என்பதையும் சுட்டிக்காட்டினார்கள்.

அக்காள் கப்பல்

இதற்கு மறுப்பும் உண்டு.

டைட்டானிக் கப்பலுக்கு "ஒலிம்பிக்" என்ற அக்காள் கப்பல் உண்டு. அதே பட்டறையில், அதே தொழிலாளர்கள் கட்டியது. 1911-ம் ஆண்டில் "ஹாக்" என்ற போர்க்கப்பல் அதன் மேல் மோதியது. ஒலிம்பிக் மூழ்கவில்லை. 1918-ம் ஆண்டில், ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் மேல் மோதி அதையே மூழ்கடித்தது! 1935-ம் ஆண்டு வரை ஓடியது.

எனவே, ரிவிட் மீது மட்டும் பழி போட முடியாது என்கிறார்கள் மறுப்பவர்கள். அவ்வளவு பெரிய பனிப்பாறையில், அவ்வளவு வேகத்தில் மோதினால், நல்ல ரிவிட்டும் தாங்காது என்பது அவர்கள் வாதம்.

எது சரியானாலும் ஒன்று உறுதி. ரிவிட்டுக்கு வெளியே தெரிவது தலை மட்டுமே. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. தட்டிப் பார்த்தால் இறுக்கம் தெரியும். கசடு தெரியாது.

பற்றவைப்பு வந்தது

டைட்டானிக்குக்குப் பிறகு, காற்றின் அழுத்தத்தால் அடிக்கும் சுத்தியல் பரவியது. 1918-ம் ஆண்டில், பெல்பாஸ்ட் நகரின் இன்னொரு பட்டறையில் ஜான் மோயர் என்ற தொழிலாளி, 9 மணி நேரத்தில் 11,209 ரிவிட் அடித்தார். நிமிடத்துக்கு 20-க்கு மேல்!

ஆனால் ரிவிட்டுக்குப் போட்டி வந்துவிட்டது. அதுதான் பற்றவைப்பு. தகட்டைத் தகட்டோடு உருக்கி ஒட்டிவிடுவது. 1920-ம் ஆண்டில் "புல்லகர்" என்ற கப்பலை, ரிவிட்டே இல்லாமல் இங்கிலாந்தில் கட்டினார்கள்.

இரண்டாவது உலகப்போரில் அவசரமாகக் கப்பல்கள் தேவைப்பட்டன. அமெரிக்கா 2,710 "லிபர்ட்டி" சரக்குக் கப்பல்களைக் கட்டியது. பெரும்பாலும் பற்றவைப்புதான். ஐந்து பேர் கூட்டு தேவை இல்லை. வேலை சீக்கிரம் முடிந்தது.

அப்போது ஓர் அதிசயம் நடந்தது. 1943-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி இரவு, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், "ஸ்கெனெக்டடி" என்ற புதிய எண்ணெய்க் கப்பல் பட்டறை ஓரத்தில் நின்றுகொண்டு இருந்தது. புயல் இல்லை. அலை இல்லை. நின்ற இடத்திலேயே, பெரும் ஓசையோடு நடுவில் பிளந்துவிட்டது!

என்ன காரணம்? குளிரில் அந்த உருக்கு மொறுமொறுத்துப் போயிற்று. பற்றவைத்த கப்பல், ஒரே தகடு போல ஆகிவிடுகிறது. ஓர் இடத்தில் கீறல் விட்டால், அது தடை இல்லாமல் ஓடும். ரிவிட் அடித்த கப்பலிலோ, கீறல் ஒரு தகட்டின் ஓரத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். அடுத்த தகடு வேறு தகடு அல்லவா?

பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? பற்றவைத்த கப்பல்களில் கீறலைத் தடுப்பதற்காக, சில இடங்களில் மட்டும் பட்டைகளை வைத்து ரிவிட் அடித்தார்கள்! வெளியே அனுப்பிய கிழவனைக் காவலுக்குக் கூப்பிட்டது போல!

பின்னர் குளிரைத் தாங்கும் நல்ல உருக்கு வந்தது. பற்றவைப்பும் தேர்ச்சி பெற்றது. பெரிய கப்பல்களில் ரிவிட்டின் காலம் முடிந்தது.

கண்ணால் பார்க்கலாம்

டைட்டானிக் கடலுக்கு அடியில் 12,500 அடி ஆழத்தில் கிடக்கிறது. ஆனால், அதற்குப் பயணிகளை ஏற்றிச் சென்ற "நோமாடிக்" என்ற சிறிய கப்பல் பிழைத்திருக்கிறது. அதுவும் 1911-ம் ஆண்டில், அதே பட்டறையில் கட்டியதுதான். பிரான்சில் நெடுங்காலம் இருந்த அதை, 2006-ம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகருக்கே கொண்டுவந்தார்கள். பழுது பார்த்து, மக்கள் பார்வைக்கு வைத்தார்கள்.

அதன் பக்கத்தில் வரிசை வரிசையாக ரிவிட் தலைகள் தெரிகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒருவன் காய்ச்சினான். ஒருவன் ஏந்தினான். ஒருவர் தாங்கினார். இருவர் அடித்தார்கள்.

யார் அடித்த ரிவிட் எது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. தகடுகள் மட்டும் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் பிரியாமல் நிற்கின்றன.